பதினோராவது துளையும் இரண்டு கேக்குகளும்

எஸ்கில்ஸ்துனா, மார்ச் 9

அன்புள்ள இல்வா,

இங்கே அம்மாவும் நானும் சுகம், அம்மாவின் முழங்காலைத் தவிர. வெல்லிங்டனில் காற்று கூரையைப் பெயர்க்கிறது என்று அம்மாவிடம் போனில் சொன்னாயாம், உன் கூரை பத்திரமாக இருக்கும் என்று நம்புகிறேன். ஏரியில் பனிக்கட்டி இன்னும் உடையவில்லை. அம்மா பின்னிய கம்பளிக் காலுறை இந்தப் பொட்டலத்தில் இருக்கிறது, கூடவே ஒரு இரும்புத் துண்டும் இருக்கும், அது எதற்கு என்று கீழே எழுதியிருக்கிறேன்.

பட்டறையில் போன வாரம் ஒரு கூத்து. பாட்டில் மூடி வார்க்கும் அச்சு ஒன்று, ஏழு வாரம் உட்கார்ந்து செய்தோம். காற்று போக இரண்டு மில்லிமீட்டர் துளைகள் பதினொன்று, ஒவ்வொன்றும் ஒரு சாண் ஆழம். பதினோராவது துளை வரைபடத்தின் பின்தாளில் இருந்தது. அதைப் பார்க்காமல் பத்தைப் போட்டுவிட்டுச் சூளைக்கு அனுப்பிவிட்டேன். அனுப்பலாம் என்று போட்ட கையெழுத்தும் என்னுடையதுதான். சூளையில் இறுகி வந்த இரும்பில் நம் டிரில் எதுவும் இறங்காது, உனக்கே தெரியும். நம் பட்டறைச் செப்போ தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "முப்பது வருஷமா கேக் வாங்காத மனுஷன் மாட்டிக்கிட்டாரு" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். வேலையைக் கெடுத்தவர் காப்பி வேளைக்குக் கேக் கொண்டுவர வேண்டும் என்பது நான் போட்ட சட்டம், என்ன செய்ய.

இறுகிய இரும்பிலும் துளை போடுகிற ஸ்பார்க் மிஷின் வைத்திருப்பது இந்தப் பக்கத்தில் குன்னெல் ஒருத்திதான். போட்டிப் பட்டறைக்காரி என்று பதினைந்து வருஷம் அவள் வாசலை மிதிக்காதவன், போனேன். அந்தத் துளை இரண்டு தண்ணீர்ப் பாதைகளுக்கு நடுவே போக வேண்டும், இரு பக்கமும் மூன்று மில்லிமீட்டர்தான் சுவர், கோணினால் ஏழு வாரமும் குப்பை. "உக்காருங்க ஹோல்கர், நீங்க நின்னா மட்டும் துளை நேராப் போயிடாது" என்று சொல்லிவிட்டு ஒரு மெல்லிய பித்தளைக் குழாயை மாட்டினாள். குழாய் இரும்பைத் தொடுவதேயில்லை, இடையில் பொறி பறந்து பறந்து இரும்பைத் தின்றுகொண்டே இறங்குகிறது. முக்கால் மணி நேரம். குழாய்க்குள் விட்ட தண்ணீர் நேர் அடியில் பீறிட்டு, துளை மறுபக்கம் வந்துவிட்டது தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இனி உன் விஷயம். ஒன்பது வருஷத்துக்கு முன் பட்டறையில் வேலை பழகும்போது நீ டிரில்லை முறித்த துண்டு என் மேஜை இழுப்பறையில்தான் கிடந்தது. ஏன் வைத்திருந்தேன் என்று கேட்காதே. உள்ளே முறிந்த முனையை எடுக்கலாமே என்று அதையும் குன்னெலிடம் கொண்டுபோயிருந்தேன். அவள் முதலில் ஓரத்தை அரத்தால் தேய்த்தாள், அரம் வழுக்கியது. இன்னொரு தடவை தேய்த்தாள். "இது ஏற்கெனவே சூளைக்குப் போயிட்டு வந்த துண்டு, இதுல டிரில் போடச் சொன்ன புத்திசாலி யாரு?" என்று கேட்டாள். நான்தான் இல்வா. அன்று காலை சூளையிலிருந்து வந்த துண்டுகளை அடுக்கியதும் நான்தான், இறுகிய துண்டை இறுகாதவற்றின் தட்டில் மாற்றி வைத்திருக்கிறேன். நீ அதில் நாலு மில்லிமீட்டர் இறங்கியதே பெரிது. மறுநாள் நீ ஏலக்காய் கேக் செய்து கொண்டுவந்தாய், எல்லோரும் சாப்பிட்டார்கள், நான் தொடவில்லை. உனக்கு இந்த வேலைக்குக் கை இல்லை என்று அத்தனை பேர் முன்னால் சொன்னேன். அடுத்த மாதம் நீ கிளம்பிவிட்டாய்.

வெள்ளிக்கிழமை இரண்டு கேக் கொண்டுபோனேன். ஒன்று பதினோராவது துளைக்குச் சரி, இன்னொன்று எதற்கு என்று செப்போ கேட்டான். மிஷின்களை நிறுத்தச் சொல்லி, அன்று டிரில் முறிந்தது என் தப்பு என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். செப்போ, "அப்ப அந்தப் புள்ளயோட கேக்கை நாங்க சும்மாவே தின்னிருக்கோம்" என்றான்.

துண்டை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார், துளை வழியாக வெளிச்சம் தெரியும். மேலே நாலு மில்லிமீட்டர் நீ போட்டது, முறிந்த முனையை எடுத்து மீதியைப் போட்டது குன்னெல். அவள் அளந்து பார்த்தாள், உன்னுடையது நேராக இருக்கிறது. என்னை மன்னித்துக்கொள் மகளே. உடம்பைப் பார்த்துக்கொள், நீயும் உன் வீட்டாரும் நல்லபடியாக இருக்க வேண்டும். காலுறை அளவு சரியா என்று அம்மாவுக்குச் சொல்ல மறக்காதே.

உன் அப்பா,
ஹோல்கர்

அந்த ஏலக்காய் கேக் எப்படிச் செய்தாய் என்று எழுதி அனுப்பு. நான் கொண்டுபோனது இரண்டும் கடையில் வாங்கியது. உன்னுடையது எப்படி இருக்கும் என்று பட்டறையில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியாது.