நாலு பேருக்கு ஒரு அறை

பாலாவி,
25.08.2019

அன்பின் றிப்னாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நானும் பிள்ளைகள் இரண்டும் சுகம். உங்கள் முதுகு வலி எப்படி இருக்கிறது? மின்ஹாஜ் செவ்வாய்க்கிழமை கட்டாருக்குத் திரும்புகிறார். அவர் கையில் கருவாட்டுப் பொட்டலமும் உங்கள் தைலமும் இந்தக் கடிதமும் தருகிறேன். கடிதத்தை முதலில் படியுங்கள். அறையில் ஆட்கள் இல்லாத நேரம் பார்த்துப் படியுங்கள்.

தினமும் போனில் கதைக்கிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். போன வாரம் போனில் நான் சொன்னதில் பாதி பொய். ஹோட்டல் நல்லம், பார்க் நல்லம், துணைக்கு வந்த என் கூடப் பிறந்த தாஹிர் நானா எங்களை நன்றாகப் பார்த்துக்கொண்டார் என்று சொன்னேன் அல்லவா? தண்ணீரில் பிள்ளைகள் சிரிக்கிற படமும் அனுப்பினேன். படம் பொய் இல்லை. படத்தில் ஏன் நானா இல்லை என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன். இந்தக் காலத்தில் போனை யார் யார் கேட்கிறார்களோ என்ற பயமும் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில், இன்னொன்றையும் உங்களிடம் மறைத்தேன். மே மாதம் நம் ஆட்களின் வீடுகளையும் கடைகளையும் அடித்து நொறுக்கிய கலவரத்திற்குப் பிறகு றிப்னா பாடசாலைச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டுதான் படுக்கிறாள். ஓட வேண்டி வந்தால் தேடக் கூடாதாம். கழற்றினால் தூக்கத்திலேயே எழும்பி மறுபடி போடுகிறாள். அடித்தும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். புலமைப்பரிசில் சோதனை எழுதினால் தண்ணீர் பார்க்குக்கு அனுப்புகிறேன் என்று நீங்கள் வாக்குக் கொடுத்திருந்தீர்கள். ஒரு நாளாவது போய் மற்றப் பிள்ளைகளோடு தண்ணீரில் குதித்தால் அந்தப் பயம் விட்டுப்போகும் என்று நினைத்தேன். அது ஒன்றுதான் என் நியத்து.

என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே. பாலாவிச் சந்தியில் அரைக் கிலோ மீன் வாங்கவே மூன்று பேரிடம் விலை கேட்கிறவள். ஏப்ரல் குண்டுகளுக்குப் பிறகு வெள்ளைக்காரர் வராததால் ஹோட்டல்கள் எல்லாம் காற்று வாங்குகின்றன. உள்ளூர் ஆட்களுக்குப் பாதி விலை என்று பேஸ்புக்கில் ஒவ்வொரு நாளும் போடுகிறார்கள். அந்த மலிவு எதனால் வந்த மலிவு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மனது உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் ஏழு இடத்துக்குப் போன் எடுத்தேன். ஒரு இடத்தில் அறை இருக்கிறது என்றார்கள், என் பெயரைக் கேட்டதும் அறை நிறைந்துவிட்டது. இன்னொரு இடத்தில் டிக்கெட் இல்லாமல் அறை மட்டும். மற்றதில் விலை ஆனை விலை, குதிரை விலை.

ஏழாவது இடம் பார்க்குக்குப் பக்கத்திலேயே இருந்தது. தகப்பன், தாய், பிள்ளைகள் இரண்டு. நாலு பேருக்கு ஒரு அறை, காலைச் சாப்பாடு, பார்க் டிக்கெட் நாலு, எல்லாம் சேர்த்துப் பதினோராயிரத்து ஐநூறு. அதற்குக் கீழே எங்கேயும் கிடைக்காது. துணைக்கு நானாவைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனால் தனி அறை, தனி டிக்கெட், கிட்டத்தட்ட இரட்டிப்பு. போனில் கதைத்த பெண் சிங்களத்தில் மாத்தயா வருகிறாரா, புருசன் பெயர் என்ன என்று கேட்டாள். பன்னிரண்டு வருசமாக எல்லாப் படிவத்திலும் நிரப்புகிற உங்கள் பெயர் வாயில் வந்துவிட்டது. ஸலாஹுதீன் என்று சொன்னேன். சொன்ன பிறகு திருத்தியிருக்கலாம். திருத்தினால் விலை ஏறும் என்று சும்மா இருந்துவிட்டேன்.

கூடப் பிறந்த நானாவோடு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு ஒரே அறையில் தங்கினால் மார்க்கத்தில் தடை ஏதும் உண்டா என்று மட்டும்தான் யோசித்தேன். தடையில்லை. துணையில்லாமல் போவதைவிட அதுதான் சரி என்றும் மனதைத் தேற்றிக்கொண்டேன். சட்டம் என்று ஒன்று இருக்கிறதே, அது என் மண்டையில் ஏறவேயில்லை. நானாவிடம் சொன்னபோது அவர் முகம் சுருங்கியது. இது சரிவருமா தங்கச்சி, இப்ப இருக்கிற நெலமைக்கு என்று கேட்டார். நீங்க சும்மா வாங்க நானா, ஆரு வந்து பாக்கப்போறா என்று நான்தான் வாயடைத்தேன்.

பதினேழாம் திகதி காலை நிக்கொலஸின் வேனில் போனோம். நானா வேலை செய்யும் உப்பளத்தில் இருந்து உப்பு ஏற்றுகிறாரே, அவர்தான். அவருடைய மனைவியின் தங்கச்சி அந்த ஏப்ரல் ஞாயிறு நீர்கொழும்புச் சேர்ச்சில் குண்டு வெடித்து இறந்தவர். நீர்கொழும்பு நெருங்கியதும் ரேடியோவை அவர் நிறுத்திவிட்டார். நான் ஹபாயா அங்கியை வீட்டில் வைத்துவிட்டுச் சேலை கட்டி, தலையில் முக்காட்டை மட்டும் போட்டிருந்தேன். பார்க்கிறவர்கள் பயப்படக் கூடாது என்று. எனக்கு இருந்த பயம் எனக்குத்தான் தெரியும்.

ஹோட்டலில் பையெல்லாம் கிளறிப் பார்த்தார்கள். பிறகு என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, புதுச் சட்டம், மாத்தயாவின் அட்டையும் வேண்டும் என்றான் கவுண்டரில் நின்றவன். நானா தன் அட்டையை எடுத்துக் கொடுத்தார். தாஹிர், எருக்கலம்பிட்டி, மன்னார். அவன் அட்டையைப் பார்க்கிறான், புத்தகத்தைப் பார்க்கிறான், நானாவைப் பார்க்கிறான். ஏதாவது சொல்லிச் சமாளிப்போம் என்று நான் வாயைத் திறக்குமுன் நம் அஸாம் நானாவின் சேர்ட்டை இழுத்து, மாமா தண்ணி வேணும் என்றான். சிங்களத்திலும் மாமா என்றால் மாமாதான். ஐந்து வயதுப் பிள்ளையின் வாயை யார் பொத்துவது?

அரை மணித்தியாலத்தில் பொலிஸ் வந்துவிட்டது. அட்டையில் மன்னார், இருப்பது பாலாவி, வந்திருப்பது ஸலாஹுதீன் என்ற பெயரில். இதில் நீ யார் என்று கேட்டார்கள். தொண்ணூறில் மன்னாரிலிருந்து நம் ஆட்கள் எல்லாரும் துரத்தப்பட்டு வந்த கதையை, உப்பு விலை சொல்ல மட்டும் தெரிந்த சிங்களத்தில் நானா எப்படிச் சொல்லுவார்? நான் சொல்லப் போனேன், பிறகு பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன். ஜீப்பில் ஏறும்போது நானா திரும்பி, பிள்ளையளுக்குச் சாப்பிட வாங்கிக் குடு என்று மட்டும் சொன்னார்.

பகல் ஒரு மணியிலிருந்து மாலை ஆறரை வரை அந்த வாசல் மண்டபத்தில் இருந்தோம். எங்களுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்த குடும்பம் எழும்பித் தூரப் போய் இருந்தது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானாக இருந்தாலும் எழும்பியிருப்பேனோ என்னவோ. றிப்னா அழவில்லை. குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்து, மறுபடி இறுக்கிக் கட்டினாள். தம்பியுடையதையும் கட்டினாள். யா அல்லாஹ், அதைப் பார்த்தபோது அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

நிக்கொலஸ் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? அவர் சொல்லாமல் கொள்ளாமல் ஜீப்புக்குப் பின்னால் வேனை விட்டிருக்கிறார். உள்ளே போய், பத்து வருசமாக இந்த மனிதனைத் தெரியும், இது அவருடைய தங்கச்சி, மச்சான் வெளிநாட்டில் என்று அங்கேயே நின்றிருக்கிறார். நீ கத்தோலிக்கன், உன் ஆட்களும் செத்திருக்கிறார்கள், இவர்களுக்காக ஏன் மினைக்கெடுகிறாய் என்று ஒருவர் கேட்டாராம். செத்தவளைத் தூக்கியவன் நான், அதனால்தான் சொல்கிறேன், இவன் இல்லை என்றாராம். இதை நானாதான் எனக்குச் சொன்னார். ஆறரைக்கு நிக்கொலஸே நானாவை வேனில் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அன்றைக்கே திரும்பிவிடுவோம் என்றேன். நானாதான் கேட்கவில்லை. டிக்கெட் எடுத்தாச்சு, பிள்ளை ஆசப்பட்டது வீணாகப் போகக் கூடாது என்று சொல்லி, எங்களை அறைக்கு அனுப்பிவிட்டு இரவு வேனிலேயே படுத்தார். காலையில் நாங்கள் பார்க்குக்குள் போனபோதும் வேனில்தான் இருந்தார். றிப்னா தண்ணீரைப் பார்த்து வெகுநேரம் நின்றாள். பிறகு சப்பாத்தைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு ஓடினாள். நீங்கள் பார்த்த படம் அப்போது எடுத்தது. அவள் அப்படிச் சிரித்து எத்தனை மாதம்! வீட்டுக்கு வந்த அன்று இரவு மறுபடி போட்டுக்கொண்டாள். இப்போது அஸாமுக்கும் போட்டுவிடுகிறாள்.

இனித்தான் முக்கியமான விசயம். நானாவின் அட்டையைப் பிரதி எடுத்து வைத்திருக்கிறார்கள். செப்டெம்பர் பன்னிரண்டு, வியாழக்கிழமை அவர் திரும்ப அந்தப் பொலிஸுக்குப் போக வேண்டும். ஸலாஹுதீன் என்று ஒருவர் உண்மையாகவே இருக்கிறார், அவர் வெளிநாட்டில் இருக்கிறார் என்று நீங்கள் கைப்பட எழுதி, கையெழுத்து வைத்து, பாஸ்போட் பிரதியோடு அனுப்ப வேண்டுமாம். போனில் வரும் படம் செல்லாதாம். அது இல்லாவிட்டால் வழக்கு. ஒன்றுமில்லாத விசயத்துக்காக உள்ளே போனவர்கள் மாதக்கணக்காக உள்ளேயே இருப்பதை நீங்களும் கேள்விப்படுகிறீர்கள்தானே. சந்தியில் ஜீப் மெதுவாகப் போனால்கூட நான் ஓடிப்போய்க் கதவைப் பூட்டுகிறேன்.

நானா என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசினால் ஆறுதலாக இருக்கும். நாலு வயதில் என்னைத் தோளில் வைத்து எருக்கலம்பிட்டிக் கடலில் வள்ளம் ஏற்றியவர். இன்றைக்கு என்னுடைய மலிவு ஆசைக்காக அவர் பொலிஸுக்கு நடக்கிறார். உப்பளத்துக்குப் போகிறார், வருகிறார், சாப்பாடு இறங்குவதில்லை என்று அவருடைய மனைவி மச்சி சொல்லி அழுகிறார்.

இங்கே ஒருவர் எனக்குப் புத்தி சொன்னார். கணவனுக்கு எல்லாம் தெரியும், அவர்தான் தன் பெயரைக் கொடுக்கச் சொன்னார் என்று எழுதச் சொல்லு, லேசாக முடியும் என்றார். தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். ஒரு பொய் எங்களை இவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டிருக்கிறது. உள்ளதை எழுதுங்கள். எனக்கு ஒன்றும் தெரியாது, என் மனைவி ஹாஜரா விலை குறைவாகக் கிடைக்க வேண்டும் என்று பொய் சொன்னாள், தாஹிர் அவளுடைய சொந்த நானா, அவரில் எந்தக் குற்றமும் இல்லை என்று எழுதுங்கள். என் பெயரை விளங்குகிற மாதிரிப் பெரிதாக எழுதுங்கள். அவர்கள் கூப்பிட்டால் நான் போவேன். உங்கள் கேம்பில் இருக்கும் பள்ளிவாசல்துறைக்காரர் ஒருவர் எட்டாம் திகதி லீவில் வருகிறாராம், மின்ஹாஜுக்கு ஆளைத் தெரியும். அவர் கையில் கொடுங்கள். கோபம் இருந்தால் போனில் எவ்வளவு வேண்டுமானாலும் ஏசுங்கள், கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கடதாசியை மட்டும் பிந்தாமல் அனுப்பிவிடுங்கள்.

றிப்னா நேற்று ஒன்று கேட்டாள். வாப்பாவே வந்திருந்தால் உள்ளே விட்டிருப்பார்களா என்று. ஓம் மகள், கட்டாயம் விட்டிருப்பார்கள் என்றேன். நீங்கள் வந்துதான் அந்தப் பதிலை உண்மையாக்க வேண்டும். உங்கள் பெயரை இனி நான் எந்தக் கவுண்டரிலும் சொல்ல மாட்டேன். அந்தப் பெயரோடு நீங்களே எங்கள் வாசலில் வந்து நிற்கிற நாளை அல்லாஹ் சீக்கிரம் தரட்டும். அதுவரை உங்கள் மகளின் காலிலுள்ள சப்பாத்தை நான் கழற்றப்போவதில்லை.

உங்கள் துஆவை எதிர்பார்க்கும்,
ஹாஜரா