நீ சொல்லாமல் விட்ட வரி

அன்புள்ள சிநேகிதிக்கு,

நேற்றுப் பின்னேரம் தேவாலயத்தில் தூசு தட்டிக்கொண்டிருந்தபோது, வாசிப்பு மேடையிலுள்ள பெரிய வேதாகமத்திலிருந்து உன் நூல் வெளியே தொங்கியது. பக்க அடையாளமாகப் புத்தகத்தோடு வந்த சிவப்பு நாடாவைப் பூச்சி அரித்துவிட்டதென்று நான் புலம்பிக்கொண்டு நின்ற அன்று, நீ உன் பிரசவப் பையைத் திறந்து, பிள்ளைகளின் தொப்புள் கொடிக்குக் கட்டும் வெள்ளை நூலில் ஒரு முழம் வெட்டி, புத்தகத்தின் முதுகுத் தையலோடு சேர்த்து இறுக்கி முடிந்தாய். "பிள்ளைக்குக் கட்டுற நூலடி. லேசிலை அறாது," என்றாய். அது இன்னும் அறவில்லை. கொஞ்சம் பழுப்பேறியிருக்கிறது. நீ போய் ஒன்றேகால் வருடமாகிறது.

அந்த நூலை விரலில் சுற்றிக்கொண்டு மேடையடியிலேயே நின்றுவிட்டேன். உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. நீ இருக்கும்வரை சொல்லத் தைரியம் வரவில்லை. இப்போது நீ பதில் சொல்லமாட்டாய் என்ற துணிச்சலில் எழுதுகிறேன். என் தைரியம் எப்போதும் இந்த அளவுதான் என்று உனக்குத் தெரியும்.

வட்டுக்கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் நீ பிள்ளைப்பேறு பார்க்கும் மிட்வைப் அம்மா. நான் பள்ளிக்கூடக் கந்தோரில் பதிவேடு எழுதும் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வுக்குப் பிறகும் தாளில் கோடு போடும் வியாதி போகாததால் சபையில் வேத வாசிப்புப் பட்டியலை என் தலையில் கட்டினார்கள். எந்த ஞாயிறு யார் வாசிப்பது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுதி வாசலில் ஒட்டுவேன். அந்தத் தாளைக் கண்டதும் நீ முதலில் உன் பெயர் எத்தனை இடத்தில் இருக்கிறதென்று எண்ணுவாய். இரண்டென்றால் முகம் சுருங்கும். மூன்றென்றால் எனக்கு அன்று உன் வீட்டில் தோசை கிடைக்கும்.

வாசிப்பதில் உனக்கு அவ்வளவு ஆசை. சனிக்கிழமைப் பின்னேரங்களில் முற்றத்து முருங்கைக்குக் கீழே நின்று உரத்து வாசித்துப் பழகுவாய். பக்கத்து வீட்டுப் பரமேஸ் அக்கா விளக்கு வைக்கத் திரி திரித்தபடி வேலியோரம் வந்து நிற்பா. தன் நாலு பிள்ளைகளையும் உன் கையில் பெற்ற மனுசி அல்லவா, உன் குரல் அவவுக்குப் பழக்கம். நீ பாதியில் நிறுத்தினால், "பிறகு என்ன நடந்தது, தங்கச்சி?" என்று கேட்பா. யோசேப்பைச் சகோதரர் குழியில் தள்ளிய கிழமை, ஏழு நாள் பொறுக்க முடியாமல் புதன்கிழமையே உன் வீட்டுக்கு வந்து மீதிக் கதையைக் கேட்டுவிட்டுப் போனா.

என் பட்டியல் வேலையில் ஒரு தந்திரம் இருந்தது. யாருக்கும் தெரியாதென்று நினைத்திருந்தேன். பழைய ஏற்பாட்டில் சில பகுதிகள் வரும்போது என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. ஊரை எரித்தார்கள், எல்லாரையும் வாளால் வெட்டினார்கள், ஆண்டவர் அப்படித்தான் கட்டளையிட்டார் என்று வரும் பகுதிகள். அந்த ஞாயிறுகளில் நான் அருள்நேசம் மாஸ்டரின் பெயரைப் போட்டுவிடுவேன். மாஸ்டருக்குக் காதும் கேளாது, பொய்ப் பல்லும் நிலையில் நில்லாது. அவர் வாசித்தால் முன்வரிசை வாங்கில் இருப்பவருக்கே ஒன்றும் விளங்காது. கடைசியில் "இது ஆண்டவருடைய வார்த்தை" என்று முணுமுணுப்பார், நாங்கள் "தேவனுக்கே நன்றி" என்போம். யார் மனதும் நோகாமல் ஞாயிறு கழிந்துவிடும்.

ஒரு ஞாயிறு மாஸ்டர் காய்ச்சலென்று வரவில்லை. மணி அடித்த பிறகுதான் தெரிந்தது. நான் பின்னும் முன்னும் பார்த்துக்கொண்டிருக்க, நீ கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழும்பி வாசிப்பு மேடைக்குப் போய்விட்டாய்.

ஒரு அரசனிடம் ஒரு சனத்தை அடியோடு அழிக்கச் சொல்லும் பகுதி அது. ஆண், பெண், பால்குடிப் பிள்ளைகள், மாடு, ஆடு எல்லாம். நீ பழகாமலே போனாய், ஆனாலும் ஒரு சொல் தடுமாறவில்லை. பால்குடிப் பிள்ளைகள் என்ற இடத்தில் உன் குரல் மெலிந்தது. முடித்தாய். நாங்கள் உன் கடைசி வரிக்காகக் காத்திருந்தோம். நீ புத்தகத்தை மூடினாய், கண்ணாடியைக் கழற்றினாய், சனத்தைப் பார்த்தாய். ஒன்றும் சொல்லாமல் இறங்கி வந்து என் பக்கத்தில் இருந்தாய். "தேவனுக்கே நன்றி" சொல்ல வாயைத் திறந்தவர்கள் திறந்தபடி இருந்தார்கள். போதகர் இருமிவிட்டுப் பாட்டு இலக்கத்தைச் சொன்னார்.

எனக்கு அந்த நேரம் தென்மராட்சிப் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. யுத்தத்தில் இடம்பெயர்ந்து போய், ஒரு வகுப்பறையில் ஒன்பது குடும்பமாக இருந்தோமே. ஒரு மத்தியானம் சேலையால் மறைப்புக் கட்டி, நீ ஒரு பெண்ணுக்குப் பிள்ளைப்பேறு பார்த்தாய். சுடுதண்ணீர்ப் பாத்திரத்தோடு நின்றது நான். பிள்ளை வந்தது, அழவில்லை. நீ அதைக் குப்புறப் பிடித்து முதுகைத் தேய்த்தாய், வாயில் ஊதினாய். பிறகு மேலே பார்த்து, "என்ரை கையிலை தந்திட்டுத் திருப்பிக் கேக்கப்படாது, சொல்லிப்போட்டன்!" என்று அதட்டினாய். யாரோடு கதைக்கிறாய் என்று அந்தத் தாய்க்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அப்படி ஒரு ஜெபத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. பிள்ளை அழுதது. நீ இதே மாதிரி நூலால்தான் கொடியைக் கட்டினாய்.

இனி நான் சொல்ல வேண்டியதுக்கு வருகிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சபைக் கமிட்டி கூடியது. தலைவர், "அவ செய்தது சபைக்கு இடறல்," என்றார். போதகர், "ஆறுதலாக் கதைச்சுப் பாப்பம்," என்றார். நான் உன் சிநேகிதி என்பதால் என்னையே கதைக்கச் சொன்னார்கள். தேத்தண்ணி வந்தது, கதை ஆலயக் கூரை ஒழுக்குக்குப் போனது. நடந்தது அவ்வளவுதான். உன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்கும்படி யாரும் சொல்லவில்லை.

நான்தான் எடுத்தேன். புதிய பட்டியலில் உன் பெயர் மூன்று இடத்தில் இருந்தது. அடுத்த முறையும் நீ அப்படிச் செய்தால் என்ன ஆகும், உன்னைப் பற்றி என்ன கதைப்பார்கள், என்னைப் பற்றி என்ன கதைப்பார்கள் என்று யோசித்தேன். கடைசிக் கேள்விதான் பெரிதாக இருந்தது, மறைப்பானேன். நீலப் பேனையால் மூன்றையும் வெட்டினேன். பிறகு உன் வீட்டுக்கு வந்து, கதிரை நுனியில் இருந்துகொண்டு, "கமிட்டி முடிவு," என்றேன்.

நீ என்னை ஒருதரம் பார்த்தாய். "ஓம், சரி. தேத்தண்ணியைக் குடி, ஆறுது," என்றாய்.

சண்டை பிடித்திருக்கலாம் நீ. அடுத்த ஞாயிறே வராமல் விட்டிருக்கலாம். நீயோ வழக்கம்போல் முதல் மணிக்கே வந்து, என் பக்கத்தில் இருந்து, மற்றவர்கள் வாசிப்பதைக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாய். திருவிருந்துக்கு முழங்காலில் நின்றபோது உன் முகம் எப்போதும் போலவே இருந்தது. சனிக்கிழமைகள் மட்டும் மாறிவிட்டன. ஒருநாள் பரமேஸ் அக்கா என்னைச் சந்தையில் பிடித்து, "ஏன் அவ இப்ப வாசிக்கிறேல்லை? தொண்டையிலை ஏதும் வருத்தமோ?" என்று கேட்டா. வெண்டிக்காய் முற்றலா என்று பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

அடுத்த வருடம் நாங்கள் கீரிமலை ஊற்றுக்குப் போனோம். உன் முழங்கால் நோவுக்கு அந்தத் தண்ணீர் நல்லதென்று நீதான் சொன்னாய். பெண்கள் கேணியின் படியில் காலை விட்டுக்கொண்டிருந்தோம். அன்று உண்மையைச் சொல்லிவிடுவதென்றுதான் வந்தேன். வாயில் வந்தது வேறு.

"எடி, உண்மையாச் சொல்லு. உனக்கு வேதத்திலை நம்பிக்கை இல்லையோ?"

"நம்பிக்கை இல்லாமலோ ஞாயிறு ஞாயிறு வாறன்?"

"அப்ப ஏன் அண்டைக்கு வாயை மூடினனி?"

"எழுதியிருக்கிறதை ஒரு சொல்லும் விடாமல் வாசிச்சன். ஆண்டவர் அப்பிடிச் சொன்னவர் எண்டு சொல்லத்தான் என்னாலை ஏலாமல் போச்சு. யேசு பிள்ளையளைத் தூக்கி அணைச்சவரடி. அவற்ரை தகப்பன் பால்குடியளை வெட்டச் சொல்லுவாரோ? உதை எழுதின மனிசன் ஒருநாளும் பிள்ளைப்பேறு நடக்கிற வீட்டுப் பக்கம் போயிருக்க மாட்டார்."

"ஒண்டை இல்லை எண்டால் எல்லாம் போயிடுமே. எனக்குப் பயமா இருக்கு."

"எனக்குப் போகேல்லை. நான் அவரோடை சண்டை பிடிக்கிறன். இல்லாத ஆளோடை ஆரும் சண்டை பிடிப்பினமே?" காலால் தண்ணீரை என் மேல் தெறிக்கவிட்டாய். "நீ மட்டும் என்னவாம்? வெட்டுக் கொத்து வாற ஞாயிறெல்லாம் அருள்நேசம் மாஸ்டரைத் தானே போடுறனி. உதை நான் கவனிக்கேல்லை எண்டு நினைச்சியே? நீ பேனையாலை செய்யிறதைத்தான் நான் வாயாலை செய்தன்."

நான் பிடிபட்ட கள்ளியாய் முழித்தேன். நீ சிரிக்கத் தொடங்கினாய், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கேணியில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சிரிப்பில் நான் சொல்ல வந்தது போய்விட்டது. பிறகு சொல்லலாம் என்று விட்டேன். அதற்குள் தை மாதம் வந்து, ஒரு காலைப்பொழுதில், முற்றம் கூட்டிக்கொண்டிருந்த நீ விழுந்துவிட்டாய்.

உன் அடக்க ஆராதனையில் யார் வாசிப்பது என்று என்னைத்தான் கேட்டார்கள். நல்ல குரலுள்ள ஒரு பிள்ளையைப் போட்டேன். நல்லாகத்தான் வாசித்தாள். எனக்கு உன் குரல் வேண்டியிருந்தது. இப்போதும் வேண்டியிருக்கிறது.

போன மாதம் பட்டியல் எழுத இருந்தபோது அந்தப் பகுதி திரும்ப வந்திருந்தது. என் கை தன் பாட்டில் 'அரு' வரை எழுதிவிட்டது. நிறுத்தினேன். அதை அழித்துவிட்டு, இத்தனை வருடத்தில் முதல்முறையாக, என் பெயரை எழுதினேன். எழுதும்போது கூட, கடைசி வரியைச் சொல்வதா விடுவதா என்று எனக்குத் தெரியாது. நான் நீ இல்லை. எனக்கு இன்னும் பயம்தான்.

நேற்றுத் தூசு தட்டி முடித்துவிட்டு, பூட்டிக்கிடக்கும் உன் வீட்டுக்குப் போனேன். முருங்கைக்குக் கீழே நின்று வாசித்துப் பழகினேன். குரல் கீச்சென்று வந்தது. வேலிக்கு அப்பால் அசைவு கேட்டது. பரமேஸ் அக்கா, கையில் திரியோடு.

முடியும்வரை பொறுமையாகக் கேட்டா. பிறகு, "கைப்பிள்ளையளையுமோ?" என்றா.

"ஓம், அக்கா."

"ஆர் அப்பிடிச் செய்யச் சொன்னது?"

உன் கையில் பிறந்த நாலு பிள்ளைகளின் தாய் அவ. அதில் ஒருத்தன் குண்டுக்குப் பயந்து ஒளிந்திருந்த பங்கருக்குள் பிறந்தவன். அவவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, நான் கும்பிடுகிறவர்தான் சொன்னார் என்று சொல்ல எனக்கு முடியவில்லை. வேலியடியில் சொல்ல முடியாததை மேடையில் ஏறி எப்படிச் சொல்வது? "தெரியேல்லை, அக்கா," என்றேன். அவ தலையாட்டிவிட்டு விளக்கு வைக்கப் போனா.

இன்று காலை வாசித்தேன். ஒரு சொல்லும் விழுங்கவில்லை. முடிந்ததும் உன் நூலை அந்தப் பக்கத்தில் வைத்து, புத்தகத்தை மூடி, உன்னைப் போலவே நின்றேன். ஒருவரும் அசையவில்லை. அப்போது பின் வாங்கிலிருந்து, நான் சொன்னதும் கேளாத, சொல்லாததும் கேளாத நம் அருள்நேசம் மாஸ்டர், வாழ்நாளில் முதல்முறையாக எல்லாருக்கும் விளங்கும்படி, "தேவனுக்கே நன்றி!" என்று முழங்கினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. வாங்கில் வந்து இருந்தபோது பக்கத்து இடத்துக்குக் கை தானாகப் போனது. நீ இருந்திருந்தால் தொடையில் கிள்ளியிருப்பாய்.

ஆராதனை முடிந்து வரும்போது தலைவர் படியில் நின்றார். "செவ்வாய்க்கிழமை ஒருக்கால் வாங்கோ, கதைக்கவேணும்," என்றார். "ஓம், வாறன்," என்றேன். அன்றைய பட்டியலில் உன் பெயர் மூன்று இடத்தில் இருந்ததையும், யார் வெட்டியது என்பதையும் முதலில் அவர்களிடம் சொல்லப்போகிறேன். உனக்கு அது எப்போதோ தெரிந்திருக்கும் என்றுதான் மனம் சொல்கிறது. தெரிந்தும் தேத்தண்ணி ஊற்றித் தந்தாய் என்றால், அதை நான் எப்படித் தாங்குவது? என்னை மன்னித்துக்கொள்ளடி.

இதை எழுதிக்கொண்டிருக்கும் மேசையில் அடுத்த மூன்று மாதத் தாளும் கோடு போட்டபடி கிடக்கிறது. மூன்று இடத்தில் என் பெயரை எழுதியிருக்கிறேன். அதை எடுக்கத்தான் வேண்டும் என்று கமிட்டி சொன்னால் எடுக்கட்டும். வேறு யாரையாவது கொண்டு வெட்டட்டும். இந்தக் கை ஒருத்தியின் பெயரை வெட்டியது போதும்.

இப்படிக்கு,
உன் பட்டியல்காரி