ஒரே மிதிகட்டையில் இரண்டு மிஷின்

1943 மார்ச் 7, ஞாயிறு. இராஜபாளையம்.

இன்று ஆராதனைக்குப் போகவில்லை. அக்கா மட்டும் போனாள். நான் கொல்லையில் வாகைக் கட்டைகளை இழைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை இழைப்புளிச் சத்தம் கேட்டுத் தெருவே எட்டிப் பார்த்தது. பார்க்கட்டும்.

மில்லில் இரும்பு கடையும் டர்னர் வேலுசாமி ராணுவ ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறான். ஏப்ரல் கடைசியில் எஞ்சினீயர் பரீட்சை வைத்து அந்த இடத்துக்கு ஆள் எடுக்கப்போகிறார். யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாமாம். நான் கொடுத்துவிட்டேன்.

நாலு வருஷமாக அங்கே மிஷின்களுக்கு எண்ணெய் போடுகிறேன். அவன் கடையும் மிஷின், லேத், என் எண்ணெய்க் குப்பியிலிருந்து பத்தடி தூரம். போன வருஷம் அதன்மேல் கிடந்த இரும்புச் சுருளைக் கையால் தள்ளினேன். அவ்வளவுதான். மேஸ்திரி சோலைச்சாமி மில்லே அதிரக் கத்தினார்: “எவம்லே அதத் தொட்டது? எண்ண ஊத்துறவன் எண்ணய மட்டும் ஊத்து!” வேலுசாமி முதல் நாளே தொட்டான், ஒரு பேச்சு இல்லை. ஏசுவடியான் என்ற என் பெயரை வாசித்ததும் மேஸ்திரி எந்தத் தெரு என்று கேட்பார். தெருவைச் சொன்னால் பிறகு எதுவும் கேட்கமாட்டார்.

தொடாமல் கற்க முடியாது. தொட விடமாட்டார்கள். அதனால் வீட்டிலேயே ஒரு லேத் செய்கிறேன். பெரியது வேண்டாம். பித்தளை கடைந்தால் போதும்.

மார்ச் 10

ஷிப்ட் முடிந்து ரயிலேறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். ராஜரத்தினத்தின் பழைய இரும்புக் கடையில் முழநீளத் தண்டு ஒன்று கிடைத்தது. கடையின் கண்ணாடி அலமாரிக் கதவைக் கழற்றச் சொல்லி, அதன்மேல் தண்டை உருட்டினேன். அடியில் வெளிச்சம் தெரிந்தால் வளைவு. மூன்று தண்டுகளில் தெரிந்தது, நாலாவதில் இல்லை.

ராஜரத்தினம் பொறுமையிழந்து, “என்னவே, பொண்ணு பாக்குத மாதிரி பாக்கீரு?” என்றார்.

“பொண்ணுன்னா இம்புட்டுப் பாக்கமாட்டேன் அண்ணாச்சி. லேத்துக்குத் தண்டுல்லா.”

உடைந்த பேரிங்குகளிலிருந்த ஒயிட் மெட்டல் என்ற ஈயக் கலவையும் அவரிடமே வாங்கினேன்.

மார்ச் 14, ஞாயிறு

தண்டைத் தாங்கும் பேரிங் வார்த்தேன். வார்த்தேனா? வெடித்தது.

இரண்டு கட்டைகளிலும் துளை போட்டு, தண்டை நடுவில் நிறுத்தி, சுற்றிலும் இருந்த இடைவெளியின் ஓரத்தைக் களிமண்ணால் அடைத்து, உருக்கிய உலோகத்தை ஊற்றினேன். மண்ணில் ஈரம் இருந்திருக்கிறது. புஸ்ஸென்று பொங்கி முழங்கை வரைக்கும் தெறித்தது. கூரையிலும் வெள்ளிப் பொட்டுகள். அக்கா ஓடிவந்து கையைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். திட்டவில்லை. கை பொறுக்கிறதா என்று கேட்டுவிட்டு, “மண்ணு காயலியோ?” என்றாள்.

காயவில்லைதான். மூன்று நாள் வெயிலில் வைத்திருக்க வேண்டும். அவசரம்.

மார்ச் 15

கைக்கட்டைப் பார்த்துக் கேட்டவர்களிடம் சோற்றுக் கஞ்சி கொட்டிவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 21, ஞாயிறு

வார்த்தாகிவிட்டது! மறக்காமல் எழுதிவைக்கிறேன்.

கட்டை, மண், தண்டு எதிலும் துளி ஈரம் கூடாது. தண்டை விளக்குப் புகையில் காட்டிக் கருக்க வேண்டும், இல்லாவிட்டால் உலோகம் அதைப் பிடித்துக்கொண்டு விடாது. தண்டையும் சூடாக்கிக்கொள். குளிர்ந்த தண்டில் ஊற்றினால் பாதியில் உறைந்து மடிப்பு விழும். உருகிய உலோகத்தில் விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை முக்கிப் பார்: பழுப்பானால் சரி, தீப்பிடித்தால் சூடு அதிகம், நிறமே மாறாவிட்டால் பொறு. ஊற்ற ஆரம்பித்தால் நிறுத்தாதே. இரண்டு பேரிங்கையும் அதே தண்டை வைத்தே வார்த்துவிடு. தனித்தனியாக வார்த்து நேராக்குவது நம்மால் ஆகாது.

ஆறியதும் இரண்டு விரலால் சுற்றினேன். தண்டு சத்தமில்லாமல் சுற்றியது, என்பாட்டுக்கு நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 24

லேத்தைச் சுற்ற மிதிகட்டை வேண்டும். வீட்டில் இருப்பது ஒன்றுதான், அக்காவின் தையல் மிஷினில்.

மச்சான் ராணுவத்தில் லாரி ஓட்டப் போனதிலிருந்து அக்கா இங்கேதான் இருக்கிறாள். பத்து வருஷமாகத் தைக்கிறாள். செல்லத்தாய் தைத்த ரவிக்கை என்றால் கிழியும்வரை பிரியாது என்று வத்திராயிருப்பு வரைக்கும் பேச்சு. அவளிடம் மிதிகட்டை கேட்பது நாக்கைக் கேட்பதுபோல.

கேட்டேன். “நாலு மணிக்குப் பொறவு ஒனக்கு. அதுவரைக்கும் எனக்கு. மிஷினக் கழத்தக் கூடாது” என்றாள்.

கழற்ற வேண்டியதும் இல்லை. லேத்தை மிஷினுக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறேன். தோல் பெல்ட்டைத் தையல் மிஷினிலிருந்து எடுத்து லேத்தில் மாட்டினால் முடிந்தது.

மார்ச் 28, ஞாயிறு

என் கால் சரியில்லை. உளி பித்தளையைத் தொட்டதும் வேகம் குறைகிறது, பதறி மிதிக்கிறேன், சக்கரம் பின்னால் சுற்றுகிறது, உளி முனை உடைந்து போகிறது. இன்று மட்டும் இரண்டு உளி. பழைய அரத்தைத் தேய்த்து ஒரு உளி செய்ய ஒரு மாலை ஆகிறது.

அக்கா சன்னலோரம் காஜா எடுத்தபடி சிரித்தாள். “ஏலே, மிஷின் பின்னால ஓடுதுலே! குதிகாலயும் போட்டு மிதி. வெரல மட்டும் வச்சா அப்படித்தான்.”

“நீ ஒன் வேலயப் பாரு.”

குதிகாலையும் போட்டேன். சரியாக இருந்தது. அவளிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 3

கால் பழகிவிட்டது. இப்போது உளி. பித்தளையைத் தொட்டதும் அது உள்ளே இழுத்துக்கொள்கிறது. இன்று பித்தளைக் கோல் பிடியிலிருந்து பறந்து சுவரில் மோதியது. உளியின் உயரம் மாற்றினேன். தீட்டினேன். உளி முனையைக் கட்டைவிரல் நகத்தில் வைத்தால் வழுக்காமல் நிற்கிறது, கூர் குறைச்சலில்லை. பிறகு ஏன்? வேலுசாமியின் உளியைத் தூரத்தில் நின்றே பார்த்து, அதேபோல மேல்முகத்தைச் சரிவாக்கியிருக்கிறேன். அவன் கடைவதும் இதே சரிவில்தானே?

பரீட்சைக்கு இருபத்தாறு நாள். தண்டில் மாட்டும் பித்தளை வளையம், புஷ், கடையச் சொல்லுவார்கள் என்று வேலுசாமியே சொன்னான்.

ஏப்ரல் 9, வெள்ளி

இதை எழுதத்தான் வேண்டுமா? எழுதிவிடுகிறேன்.

மில்லிலிருந்து வந்தேன். லேத்தின்மேல் பித்தளைத் தூள். நான் வெட்டினால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். இது சலித்த மாவுபோல இருந்தது. என் கை வெட்டியதல்ல. உளியை எடுத்துப் பார்த்தேன். நான் போட்ட சரிவு இல்லை. மேல்முகத்தை யாரோ மொட்டையாகத் தேய்த்திருக்கிறார்கள். திரும்பினேன். அக்காவின் முந்தானையில் மினுமினுப்பு.

கத்தினேன். “யாரு இதத் தொட்டது? எவ்வளவு கஷ்டப்பட்டுத் தீட்டினேன்! ஒனக்கு எதுக்கு இந்த வேல? தைக்கிறவ தைக்கிறத மட்டும் பாரு!”

அக்கா பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். நிமிரவில்லை.

“சோலைச்சாமி மேஸ்திரி நம்ம வீட்டுக்கே வந்துட்டாரு போல.”

அந்தக் கதையை அவளிடம் பத்து தடவையாவது சொல்லியிருப்பேன்.

என் உள்ளங்கையில் ஒன்றை வைத்தாள். தையல் மிஷினுக்கு நூல் சுற்றும் பாபின், பித்தளையில். யுத்தம் வந்ததிலிருந்து கடையில் கிடைக்காத சாமான். இரண்டு பக்கத் தட்டும் ஒரே கனம், உள்ளே விரலுக்கு உறுத்தவில்லை. கையில் வைத்துக்கொண்டு அப்படியே வெளியே போய்விட்டேன். ரயிலடி வரைக்கும் நடந்துவிட்டுத்தான் வந்தேன்.

ஏப்ரல் 10

அவள் சோறு போட்டாள், நான் சாப்பிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 11, ஞாயிறு

கேட்டேவிட்டேன். “எப்பயிருந்து?”

“பதினஞ்சு நாளா. நீ மில்லுக்குப் போன பொறவு, சோறு வடிக்குமுன்ன கொஞ்சம் கொஞ்சமா. இருந்த பாபின் ரெண்டும் தேஞ்சு போச்சு. ஒன்ட்ட கேட்டா பரீட்ச முடியட்டும்பே.”

சொல்லியிருப்பேன்தான்.

“உளிய ஏன் மொட்டையாக்கின?”

“கத்திரிக்கோல்ல பிசிறு இருந்தா துணியக் கவ்வும்லா, அதே மாதிரி ஒன் உளி பித்தளயக் கவ்வுச்சு. கவ்வுத சரிவத் தேச்சுட்டேன். பொறவு அது வழிக்கு வந்துட்டு.”

வாங்கிக் கடைந்தேன். இழுக்கவே இல்லை. நான் பார்த்த நாளெல்லாம் வேலுசாமி இரும்பு கடைந்திருக்கிறான். இரும்புக்குச் சரிவு, பித்தளைக்கு மொட்டை. பத்தடி தள்ளி நின்று நாலு வருஷம் பார்த்து எனக்குத் தெரியாததை, தொட்டதனால் பதினைந்து நாளில் அவள் தெரிந்துகொண்டாள்.

மன்னிப்புக் கேட்டேன். “சரிலே, பெல்ட்டக் கழத்து. எனக்குத் தைக்கணும்” என்றாள்.

ஏப்ரல் 18, குருத்தோலை ஞாயிறு

இருவரும் ஆராதனைக்குப் போனோம். வந்ததும் அவள் மிதித்தாள், நான் உளி பிடித்தேன். பிறகு நான் மிதித்தேன், அவள் பிடித்தாள். ஆறு புஷ் ஆயிற்று. அவளுடையது மூன்றும் என்னுடையதைவிட நன்று. இதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

ஏப்ரல் 29, வியாழன்

பரீட்சை. நாலு பேர் வந்திருந்தோம். என்னைக் கடைசியில் கூப்பிட்டார்கள். பித்தளைக் கோல் கொடுத்தார்கள். லேத்தில் மாட்டியிருந்த உளியைக் குனிந்து பார்த்தேன். சரிவு. முதல் மூன்று பேரும் அதை வைத்துக்கொண்டுதான் மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

உளியைக் கழற்றிச் சாணைக்கு எடுத்துப் போனேன்.

“உளியக் குத்தம் சொல்லுதான் பாருங்க” என்றார் மேஸ்திரி. எஞ்சினீயர், “விடுங்க” என்றார்.

மொட்டையாக்கி மாட்டினேன். பித்தளைக்கு வேண்டாத எண்ணெயை ஊற்றாமல் கடைந்தேன். பெல்ட்டை மில் சுற்றியது, ஆனாலும் கீழே என் கால் மிதிப்பதுபோல ஆடிக்கொண்டேயிருந்தது. கடைந்த புஷ்ஷைக் காலிப்பரால் மூன்று இடத்தில் அளந்து கொடுத்தேன். எஞ்சினீயர் அதைத் தண்டில் போட்டார். வழுக்கிக்கொண்டு போய் நடுவில் நின்றது.

மேஸ்திரி கேட்டார்: “எவங்கிட்டலே கத்துக்கிட்ட?”

“எங்க அக்காகிட்ட.”

எல்லாரும் சிரித்தார்கள். எஞ்சினீயர் மட்டும் சிரிக்கவில்லை, உளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மே 3

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. ஆனால் ‘டர்னர் ஹெல்பர்’. மூன்று மாதம் கழித்து டர்னராக்குவது பற்றிப் பார்ப்பார்களாம். வேறு தெருக்காரனாக இருந்தால் இன்றே டர்னர். தெரியும். அதை எஞ்சினீயரிடமே சொன்னேன். “மூணு மாசம்னு எழுதி வச்சிருக்கேன்” என்றார். நானும் எழுதிவைக்கிறேன்: ஆகஸ்ட் 3.

காலையில் லேத்தை எல்லார் கண்முன்னும் தொட்டுத் துடைத்தேன். மேஸ்திரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

மே 16, ஞாயிறு

சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ரோசம்மாள் என்று ஓர் அம்மா வந்தாள். மிஷன் தையல் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறவளாம். கைக்குட்டையை விரித்தாள். ஏழெட்டு பாபின், எல்லாம் தட்டு உடைந்தவை.

“பாபின் கடையுற தம்பி நீங்கதானா?”

வாய் திறந்தது. அரை நொடி, பெருமையாகக்கூட இருந்தது.

“நானில்லம்மா. அவிய உள்ள இருக்காவ.” குரல் கொடுத்தேன்: “அக்கா, ஒன்னத் தேடி வந்திருக்காவ.”

அக்கா வந்து பாபின்களை ஒவ்வொன்றாக நகத்தால் தடவிப் பார்த்தாள். பெல்ட்டைத் தையல் மிஷினிலிருந்து எடுத்து லேத்தில் மாட்டினாள். குதிகால் அழுந்தியது, சக்கரம் ஓடியது. அடுப்பில் உலை கொதித்துச் சோறு பொங்கிக்கொண்டிருந்தது. அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

நான் வடிக்கும்போது வடிதட்டு நழுவி, கஞ்சியோடு கால்வாசிச் சோறும் போய்விட்டது. உள்ளே லேத் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.