சவிரிமுத்து அண்ணரின் பட்ஜ்

12 யூலை 1938, செவ்வாய்
வெள்ளவத்தை

இன்று கொட்டாஞ்சேனையில் சவிரிமுத்து அண்ணரை அடக்கம் செய்தோம். பெட்டியில் வைக்க முன்னம் அவருக்குக் கோட்டுப் போட்டுவிட்டது நான்தான். அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவ, ஒரு பட்ஜை என் கையில் தந்து, "இதை நெஞ்சில குத்திவிடும் தம்பி. இதோடதான் போகவேணும் எண்டு சொன்னவர்" என்றா.

அரசாங்க சபைத் தேர்தலில் அண்ணர் ஓடியோடி உழைத்த ஆளின் படம் போட்ட பட்ஜ். அந்த ஆள் தோற்றதும் எல்லாரும் எறிந்துவிட்டார்கள். ஏழு வருசமாக என் சேகரிப்புக்கு அதைத் தேடாத இடமில்லை. அண்ணரிடமும் இரண்டு தரம் கேட்டேன். சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார்.

அவ வெளியே போனா. அறையில் வேறு ஒருவரும் இல்லை. அதை என் பைக்குள் போட்டேன். பிறரிடம் மாற்றிக்கொள்ள எப்போதும் வைத்திருக்கும் இங்கிலாந்து ராசாவின் முடிசூட்டு விழாப் பட்ஜ் ஒன்றை அவர் நெஞ்சில் குத்தினேன். ராசாவின் பாட்டுக்கு எழும்பி நிற்காத மனுசன் அவர்.

பெட்டியை மூட முன்னம் அக்கா வந்து குனிந்தா. அவவுக்குக் கண் சரியாகத் தெரியாது. விரலால் தடவிப் பார்த்து, "இருக்கு. உமக்குப் புண்ணியம் தம்பி" என்றா. அப்போதாவது சொல்லியிருக்கலாம். மூடியைத் தூக்க நானும் ஒரு கை கொடுத்தேன்.

வீட்டில் மனைவி பட்ஜைக் கண்டுவிட்டாள். அண்ணர் தந்தது என்றேன்.

"போற நேரத்திலயும் உங்களை நினைச்சிருக்கிறார்" என்று கண்ணைத் துடைத்தாள்.

அக்காவிடம் நாளைக்குப் போய்ச் சொல்லலாம். சொன்னால் அவ என்ன செய்வா? மண் போட்டாச்சு.