கசேனோ மேலே போகிறது

ஷார்ஜா, ரோலா
5 டிசம்பர் 2022

அன்புள்ள அத்தானுக்கு,

இயேசுவுக்கே புகழ். நானும் உங்கள் மகள் பெர்சியும் நலம். உங்கள் கை வீக்கம் வடிந்ததா? ஐஸ் வையுங்கள் என்றால் வைக்கிறேன் என்பீர்கள், வைக்கமாட்டீர்கள். நர்ஸைக் கட்டிய ஆண்கள் எல்லோருமே இப்படித்தான் போல.

இங்கிருந்து போன் போட்டால் பாதியில் கட்டாகிறது. கட்டாகாத நாளில் சண்டையில் முடிகிறது. இனி மெயிலில் எழுதிக்கொள்வோம் என்று நீங்கள் சொன்னது நல்ல யோசனை. நான் சொல்ல வந்ததை முழுசாகச் சொல்லி முடிக்கலாம். "லிஜி, நான் சொல்லுகதக் கேளு" என்று குறுக்கே யாரும் வர முடியாது.

முதலில் வாழ்த்து. உங்கள் கசேனோ கிளப் ஐந்தாம் பிரிவில் ஜெயித்து நாலாம் பிரிவுக்கு ஏறிவிட்டது. கடைசி ஆட்டத்தில் நீங்கள் தடுத்த பெனால்டியை பெர்சி திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறாள். பக்கத்து அறை சப்ரீனா அக்காவையும் பிடித்து உட்கார வைத்துக் காட்டிவிட்டாள். பந்து எந்தப் பக்கம் வரும் என்று எனக்கே மனப்பாடம்.

இனி என் கேள்வி. ஷார்ஜாவில் கப்பல் பட்டறை வேலையை விட்டுவிட்டுக் கிளம்பும்போது என்ன சொன்னீர்கள்? "ஒரே ஒரு சீசன். அவங்க கோல்கீப்பர் அடிபட்டுக் கெடக்கான், அவன் எழும்புகது வரைக்கும்." அவன் எழும்பி, நடந்து, கல்யாணமும் கட்டிவிட்டான். நீங்கள் இன்னும் காலையில் கிளப் முதலாளியின் ஃபேக்டரியில் மீன் நறுக்கி, சாயங்காலம் பந்து பிடிக்கிறீர்கள். கடலும் வேண்டாம், மீனும் வேண்டாம் என்று நம் ஊர் தூத்தூரை விட்டு ஓடி வந்த மனுஷன்! மீன் நறுக்க ஜப்பானுக்குத்தான் போக வேண்டுமா? இங்கே மீன் மார்க்கெட் பத்து நிமிஷ நடைதான்.

எப்போது வருகிறீர்கள்? வருஷம் போட்டு எழுதுங்கள்.

உங்கள்
லிஜி


கசேனோ, ஜப்பான்
18 டிசம்பர் 2022

என் லிஜிக்கு,

ஐஸ் வைத்தேன். நிஜமாகவே வைத்தேன்.

இந்த ஊரைப் பார்த்தால் நீ இவ்வளவு கோபப்படமாட்டாய். சுருங்கிக்கொண்டே போகிற ஊர். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள், ரயிலையும் குறைத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் மட்டும் ஊர் நிறைந்து நிற்கிறது. கிளிட்டஸ் என்ற பெயர் இவர்கள் வாயில் நுழையாமல் 'குரி-சான்' ஆகிவிட்டேன். பெனால்டியைப் பிடித்த மறுநாள் காய்கறிக்கடைக்காரம்மா ஒரு பை ஆரஞ்சைக் கையில் திணித்துவிட்டு அழுதார். எதற்கு அழுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. நானும் அழுதேன்.

நாலாம் பிரிவு என்றால் ஜப்பான் முழுக்கப் போய் ஆட வேண்டும். அதற்கும் ஒரு படி மேலே, மூன்றாம் பிரிவிலிருந்துதான் முழுநேரக் கிளப்புகள். அங்கே போய்விட்டால் மீன் நறுக்க வேண்டாம். முப்பத்தொன்று கோல்கீப்பருக்கு ஒரு வயசே இல்லை. இன்னும் ஒரு சீசன் நின்று பார்க்கிறேன். ஒன்றே ஒன்று. கிறிஸ்துமஸுக்கு பெர்சிக்கு ஒரு ஜெர்சி அனுப்பியிருக்கிறேன். முத்தம் கொடு.

அன்புடன்,
கிளிட்டஸ்


ஷார்ஜா, ரோலா
10 ஜூன் 2024

பெர்சியின் அப்பாவுக்கு,

'அன்புள்ள' என்று போடவில்லை என்பதைக் கவனிக்கவும்.

நேற்று உங்கள் ஆட்டத்தை நேரடியாகக் காட்டுகிறார்கள் என்று கண்டுபிடித்தது பெர்சிதான். உங்களுக்குத் தெரியாமல் பார்த்து அப்புறம் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு ஆசை. நீங்கள் அனுப்பிய ஜெர்சி இப்போது இறுகிவிட்டது. அதையே இழுத்து மாட்டிக்கொண்டாள். சப்ரீனா அக்கா சமோசா பொரித்தார். டியூட்டி மாற்றிக்கொண்டு நானும் உட்கார்ந்தேன்.

கோலில் நின்றது யாரோ ஒரு நெட்டைப் பையன். சரி, இன்று இவருக்கு ரெஸ்ட் போல என்று நினைத்தேன். அப்புறம் ஒருவன் அடிபட்டு விழுந்தான். தண்ணீர் பாட்டில் கூடையைத் தூக்கிக்கொண்டு மஞ்சள் கோட்டு போட்ட ஒருத்தர் ஓடி வந்தார். அந்த ஓட்டத்தை எனக்குத் தெரியாதா? இடைவேளையில் குனிந்து குனிந்து பந்து பொறுக்கியதும் அவரேதான்.

"மம்மி, டாடி ஏன் விளையாடல? டாடி வாட்டர் மேனா?"

சப்ரீனா அக்கா சத்தத்தைக் குறைத்துவிட்டு, அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எழுந்து போனார். அடுப்பில் ஒன்றும் இல்லை.

பாட்டில் தூக்குவது எனக்குக் கேவலமில்லை. நான் தினமும் பெட்பேன் தூக்குகிறவள். எவ்வளவு நாளாக இப்படி? "டீமோடதான் இருக்கேன், எல்லாம் நல்லாப் போகுது" என்று எழுதினீர்களே, அதில் ஒரு சொல்லாவது பொய் என்று நான் பிடிக்க முடியாதபடி எப்படி யோசித்து எழுதினீர்கள்?

அந்தக் கிளப் ஏற ஏற நல்ல ஆளாகத் தேடிக் கொண்டுவருவார்கள். பந்தைத் தொடாத எனக்கே இது புரிகிறது. அது மேலே போகிறது, அதற்குள்ளேயே நீங்கள் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறீர்கள். இதற்காகவா நான் இங்கே ஒற்றையாகக் கிடக்கிறேன்? போதும் அத்தான். கலாஸ். வந்துவிடுங்கள்.

லிஜி


கசேனோ
16 ஜூன் 2024

லிஜிக்கு,

நீ எழுதியதில் தப்பு ஒன்றும் இல்லை. போன டிசம்பரிலேயே ஆட்டக்காரன் என்ற ஒப்பந்தம் முடிந்துவிட்டது. புதுப் பையன் என்னைவிட நல்லவன். அவன் குதிக்கிற உயரத்தை நான் எந்தக் காலத்திலும் குதித்ததில்லை. சாமான் பார்த்துக்கொள்கிற வேலை இருக்கிறது, இருக்கிறாயா என்று கோச் கேட்டார். பூட்ஸ் துடைப்பது, ஜெர்சி துவைப்பது, வேன் ஓட்டுவது. காலையில் கோல்கீப்பர்களுக்குப் பந்து அடித்துக் கொடுப்பதும் நான்தான்.

உன்னிடம் சொல்லியிருப்பேன். நீ பெர்சியிடம் சொல்லிவிடுவாய் என்றுதான் சொல்லவில்லை. அவளுடைய வகுப்பில் நான் ஃபுட்பால் பிளேயர்.

கத்தார் ராஸ் லஃபானிலிருந்து நம் ஊர் பிஜு கூப்பிட்டான். கேஸ் பிளான்ட்டில் ஸ்டோரில் ஆள் எடுக்கிறார்களாம். "கத்தாருக்கு வால மக்கா, ஷார்ஜாவுக்கு ஒரு மணி நேர ஃபிளைட்டுதான்" என்றான். யோசித்தேன் லிஜி. பொய் சொல்லவில்லை, நிஜமாக யோசித்தேன். ஆனால் இந்தக் கிளப் மூன்றாம் பிரிவுக்கு ஏறுவதைப் பார்க்காமல் விட்டு வர மனசு ஒப்பவில்லை. அந்த ஏற்றத்தில் நான் பிடித்த பந்தும் இருக்கிறது.

திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

கிளிட்டஸ்


ஷார்ஜா, ரோலா
21 செப்டம்பர் 2025

அத்தானுக்கு,

திட்டித் திட்டி எனக்கு அலுத்துவிட்டது. இது செய்தி மட்டும்.

அயர்லாந்தில் ஒரு அரசு ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. இங்கிலீஷ் பரீட்சை இரண்டு தடவை போய், மூன்றாம் தடவை பாஸானேன். உங்களிடம் சொல்லவில்லை. ஃபெயிலானால் நீங்கள் ஆறுதல் சொல்வீர்கள், அதைத் தாங்க என்னால் முடியாது. சப்ரீனா அக்காதான் பெர்சியைப் பார்த்துக்கொண்டு, என்னைக் கதவைச் சாத்திப் படிக்க வைத்தார்.

பிப்ரவரியில் கிளம்புகிறோம். பெர்சியும் என்னோடு வருகிறாள். அங்கே நிரந்தரமாக இருக்கலாம். இந்த ஊரைப் போல வேலை போனால் மறுமாதமே பெட்டி கட்ட வேண்டாம். கணவருக்கும் விசா உண்டு என்றார்கள். உங்கள் பெயரையும் கொடுத்திருக்கிறேன். கொடுக்கும்போது ஏஜென்சிப் பெண் "ஹஸ்பண்ட் எங்கே இருக்கிறார்?" என்று கேட்டாள். ஜப்பான் என்றேன். "என்ன வேலை?" என்றாள். என்ன சொல்வது என்று தெரியாமல் சிரித்துவிட்டேன்.

உங்கள் கிளப் இந்த வருஷம் முதலிடத்தில் இருக்கிறதாம், பெர்சி சொன்னாள். அது ஒரு பிரிவு ஏறட்டும். நானும் ஏறுகிறேன்.

லிஜி


கசேனோ
24 நவம்பர் 2025

என் அன்பு லிஜி,

ஏறிவிட்டோம்! நேற்று டிரா செய்தாலே போதும் என்ற ஆட்டம். எண்பதாவது நிமிஷம் வரை ஒரு கோல் பின்னால் நின்றோம். கோச் பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அப்போது கார்னரிலிருந்து வந்த பந்து எங்கள் டிஃபெண்டரின் முதுகில் பட்டு உள்ளே போனது. முதுகில், லிஜி! அவன் பார்க்கக்கூட இல்லை. விசில் ஊதியதும் ஊரே மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. அந்தக் காய்கறிக்கடைக்காரம்மா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினார்.

இன்னொரு விஷயம். மூன்றாம் பிரிவுக்குப் போனதால் சிறுவர் அணி நடத்துகிறார்கள். அதற்கு என்னைக் கோல்கீப்பர் கோச்சாகப் போடுகிறார்கள். முழுநேர வேலை, மீன் ஃபேக்டரி இல்லை. வீடும் தருகிறார்கள், கடல் பக்கம். "ஐந்தாம் பிரிவிலிருந்து கூடவே வந்தவன் நீ ஒருத்தன்தான்" என்று தலைவர் எல்லோர் முன்னாலும் சொன்னார்.

நீங்கள் இரண்டு பேரும் இங்கே வந்துவிட்டால் என்ன? நாம் மூன்று பேரும் ஒரே வீட்டில். யோசித்துப் பார். உடனே வேண்டாம் என்று சொல்லிவிடாதே.

உன்
கிளிட்டஸ்


ஷார்ஜா, ரோலா
27 நவம்பர் 2025

அத்தானுக்கு,

பெர்சி கத்திய கத்தலில் வாட்ச்மேன் மேலே வந்துவிட்டார். உங்களுக்குக் கிடைத்தது நல்ல வேலை. அதற்கு நீங்கள் தகுதியானவர். மனசாரச் சொல்கிறேன்.

மூன்று நாள் யோசித்தேன். நான் அங்கே வந்தால் நர்ஸ் இல்லை. பாஷை தெரியாத ஒரு பொம்பளை. ஒவ்வொரு டிசம்பரிலும் அந்தக் கிளப் ஏறுமா, இறங்குமா என்று இங்கே உட்கார்ந்து பார்த்தது போதும். அங்கே வந்தும் அதையே பார்க்க என்னால் முடியாது.

உங்களைக் கூப்பிடவும் இல்லை. கூப்பிட்டு நீங்கள் வராமல் போன தடவைகளே போதும்.

லிஜி


கசேனோ
8 டிசம்பர் 2025

லிஜிக்கு,

உன் கடிதத்தைப் படித்துக் கோபம் வந்தது. இரண்டு பக்கம் எழுதி அழித்தேன். என் வாழ்க்கையில் ஒரு தடவைதான் ஒன்று சரியாக அமைந்தது, அப்போதுதான் நீயும் போக வேண்டுமா என்றெல்லாம் எழுதினேன். நல்லவேளை, அனுப்பவில்லை.

சனிக்கிழமை கிளப் அலுவலகப் பெண்மணி அந்த வீட்டைக் காட்டக் கூட்டிப்போனார். இரண்டு அறை. ஜன்னலைத் திறந்தால் தண்ணீர். நீங்கள் வருவீர்கள் என்று நினைத்து, மகளுக்குச் சைக்கிள் வாங்கி வைக்கிறோம், எவ்வளவு உயரம் என்று கேட்டார். நான் கையை இடுப்புக்கு நேராகக் காட்டினேன். காட்டிய பிறகு யோசித்தேன். அது எந்த வருஷத்துப் பெர்சி? கையைக் கொஞ்சம் மேலே தூக்கினேன். அப்புறம் இன்னும் கொஞ்சம். அவர் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில், தெரியவில்லை என்று சொன்னேன்.

திங்கட்கிழமை, அதாவது இன்று, கோச்சிடம் போய் வேலை வேண்டாம் என்றேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். பிறகு "குரி-சான், அடுத்த வருஷம் பெரிய மைதானத்தில் ஆடுகிறோம்" என்றார். தெரியும் என்றேன். சந்தோஷமாக விட்டேன் என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன்.

சாமான்களை எல்லாம் எண்ணி ஒப்படைத்துவிட்டுக் கிளம்புகிறேன். நீ கூப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும். கூப்பிடாமலே வருகிறேன். கதவைத் திறப்பாயா?

கிளிட்டஸ்


ஷார்ஜா, ரோலா
9 டிசம்பர் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை டியூட்டியில் படித்தேன். நோயாளி ஒருவர் "சிஸ்டர், மாஃபி முஷ்கிலா? ஒன்றும் பிரச்சினை இல்லையே?" என்று என்னைக் கேட்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

நன்றி என்று எழுதமாட்டேன். நீங்கள் விட்டு வருவது என்னவென்று எனக்குத் தெரியும். அங்கே குளிரில் உட்கார்ந்து சில நாள் என்னைக் குற்றம் சொல்வீர்கள். சொல்லுங்கள். நானும் சில நாள் சொல்வேன். என்னிடம் மூன்று வருஷத்துச் சண்டை அப்படியே இருக்கிறது. எதையும் மறக்கவில்லை. அதை எழுதி முடிக்க முடியாது, நேரில்தான் போட வேண்டும்.

பெர்சியிடம் சொன்னேன். குதிக்கவில்லை. "ஃபார் ரியல்? இந்தத் தடவை ரியலா?" என்று கேட்டுவிட்டு, போய்ச் சுவரோரம் நிமிர்ந்து நின்றுகொண்டாள். அளந்து உங்களுக்கு அனுப்பச் சொல்கிறாள். அனுப்பமாட்டேன். வந்து நீங்களே பாருங்கள்.

ஃபிளைட் எந்த டெர்மினல் என்று எழுதுங்கள். துபாய் ஏர்போர்ட்டா, ஷார்ஜா ஏர்போர்ட்டா என்று சரியாகப் பார்த்து எழுதுங்கள். போன தடவை மாற்றி எழுதி என்னை அலைய வைத்தீர்கள்.

உங்கள்
லிஜி