நெற்றிக் கோட்டுக்கு லேசாக ஓர் ஊசி

போன மாதம் மதுரையில் ஒரு தோல் டாக்டரம்மா என் கையில் சின்னக் கண்ணாடி ஒன்றைக் கொடுத்து, "எங்கே, கோபமா ஒரு தடவை பாருங்கம்மா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயதில் ஒருவர் என்னைக் கோபப்படச் சொல்லிக் கேட்பது இதுதான் முதல் தடவை. இத்தனை நாளும் எல்லாரும் கேட்டது, "ஏன் கோபமா இருக்கீக?" என்றுதான். நீ அந்த அறையில் இருந்திருந்தால் நாற்காலியை விட்டு விழுந்து சிரித்திருப்பாய். டாக்டரம்மாவும் உன்னோடு சேர்ந்து சிரித்து, அன்றைக்கு யாருக்கும் ஊசி போட்டிருக்க மாட்டார்.

கண்ணாடியில் என் இரண்டு புருவத்துக்கும் நடுவே அதே இரண்டு கோடு. 'தண்டவாளம்' என்று நீ பெயர் வைத்த கோடு. பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றுபோனது. நீ கண்ணை மூடி ஒன்றேகால் வருஷம் ஆகிறது.

அருப்புக்கோட்டையில் நாம் சேர்ந்து சேலைக்கடை நடத்திய பத்தொன்பது வருஷமும் அந்தக் கோடுதான் நமக்குள் பாஷை. வீரசோழனிலிருந்து காலைப் பஸ்ஸில் வந்து இறங்குவாய். உன் குரல் உனக்கு முன்னால் கடைக்குள் வந்துவிடும். எனக்கு வருகிறவர்களிடம் நாலு வார்த்தை நயமாகப் பேச வராது. ஆனால் எந்த நிறம் யாருக்கு எடுப்பாக இருக்கும் என்பது மட்டும் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். நரிக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒருத்தி சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பாள். நீ அவளைப் பார்க்க மாட்டாய், என் நெற்றியைப் பார்ப்பாய். கோடு விழுந்துவிட்டால் போதும், "இது கெடக்கட்டும் தாயி, ஒங்க களைக்கு அந்த மாம்பழக் கலரக் கட்டுனா வீடே வெளிச்சமாயிரும்" என்று அவள் கையிலிருப்பதை மெல்ல வாங்கிவிடுவாய். அவளும் சந்தோஷமாகப் போவாள். கடையைப் பூட்டும்போது என்னிடம், "ஏண்டி, இன்னைக்கு எத்தன தண்டவாளம்! ரயிலே விட்டுறலாம் போ" என்பாய்.

நீ இல்லாத நேரம் பார்த்து ஒரு கூத்து நடந்தது. பந்தல்குடியிலிருந்து என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். பையனை அவளுக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது, எனக்கும்தான். ஆனால் பையனின் அம்மா கட்டியிருந்தது கிளிப்பச்சை. அந்த நிறத்துக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். தொழில் புத்தி சும்மா இருக்குமா? கேசரித் தட்டை நீட்டிக்கொண்டே நான் அந்தச் சேலையைப் பார்த்தேன். நெற்றி தன் வேலையைக் காட்டிவிட்டது. அவர்கள் கேசரியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

மறுநாள் சம்பந்தம் கொண்டுவந்த சொந்தக்காரர் போன் செய்தார். "பொண்ணோட அம்மாவுக்குப் பிடிக்கலைன்னு அவுக நெனைக்கிறாக. மொறச்சுக்கிட்டே பலகாரம் குடுத்தாகளாம்." மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கடைசியில் என் வீட்டுக்காரர் பந்தல்குடிக்கே போய், "அவ மூஞ்சியே அப்படித்தாங்க. என்னையக் கட்டிக்கிறப்பவும் அப்படித்தான் பாத்தா" என்று சொல்லிச் சமாதானம் பண்ணிவிட்டு வந்தார். நிச்சயத்துக்கு நாளும் குறித்தாயிற்று. ஆனாலும் மகளுக்குப் பயம் போகவில்லை. "அன்னைக்கு அவுக ஆளுக அம்பது பேரு வருவாக. நீ ஒவ்வொருத்தர் சேலையையும் பாப்பம்மா. எனக்காக லேசா ஒரு ஊசி போட்டுக்கம்மா" என்றாள்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். கொஞ்சமாகத்தான் மருந்து போடுவார்களாம். முகம் மரத்துப்போகாதாம், நெற்றி அசையுமாம், கோடு மட்டும் ஆழமாக விழாதாம். மூன்று நான்கு மாதத்தில் மருந்து தேய்ந்துவிடுமாம். தலைவலி வரலாம், அபூர்வமாக இமை கொஞ்ச நாள் தாழலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். வெயிலில் கண்ணைச் சுருக்குவதும் ஒரு காரணம் என்றார். திருச்சுழி ரோட்டில் வெயிலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்காத மனுஷர் யார் என்று கேட்க நினைத்தேன். யோசித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். ஊசியைக் கண்டு எனக்குப் பயமில்லை, இரண்டு பிள்ளை பெற்றவள். இந்த வயதில் அழகு பண்ணிக்கொள்கிறாள் என்று ஊர் பேசுமே என்ற கவலையும் பெரிதாக இல்லை. உண்மையைச் சொல்கிறேன். நீ பத்தொன்பது வருஷம் பார்த்த முகம் இது. அதில் ஒரு கோட்டை அழித்தால் உன்னையும் கொஞ்சம் அழித்த மாதிரி ஆகிவிடுமோ என்று இருந்தது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

அப்போதுதான் உன் பல் ஞாபகம் வந்தது. ஒருநாள் காலைப் பஸ்ஸில் டிரைவர் திடீரென்று பிரேக் போட்டதில் கம்பியில் மோதி உன் முன்பல் ஒன்று உடைந்ததே, பத்து நாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கடையில் ஊமையாக உட்கார்ந்திருந்தாயே! "அல்லா குடுத்தது போச்சு, இனி செஞ்ச பல்லு எதுக்குடி?" என்று அடம்பிடித்தாய். "நீ சிரிக்கலேன்னா இந்தக் கடைக்கு எவ வருவா?" என்று உன்னைத் தரதரவென்று பல் டாக்டரிடம் இழுத்துப் போனேன். பல்லைக் கட்டிய முதல் வாரம் அது உன் சிரிப்பு மாதிரியே இல்லை. இரண்டாவது வாரம் எந்தப் பல் புதுசு என்பதே எனக்கு மறந்துவிட்டது. கடைசியாக உன்னைப் பார்த்த நாளிலும் அந்தப் பல் தெரியத்தான் சிரித்தாய். அது உன் சிரிப்புதான். அடுத்த வாரமே மதுரைக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டேன்.

பதினைந்து நாள் கழித்துப் பையனின் அம்மா நிச்சயத்துக்குச் சேலை எடுக்க நம் கடைக்கே வந்தார். நூறு சேலை விரித்தும் அவர் கை போனது மறுபடியும் கிளிப்பச்சைக்குத்தான். தோளில் போட்டுக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். என் நெற்றி இஸ்திரி போட்ட துணி மாதிரிக் கிடந்தது.

"மதினிக்கே பிடிச்சிருச்சு. இதையே எடுத்துக்கிறேன்" என்றார்.

பழக்கத்தில் நீ நிற்கும் பக்கம் திரும்பினேன். யாரும் இல்லை. சொன்னால் சம்பந்தம் போய்விடலாம். சொல்லாவிட்டால் நிச்சயப் போட்டோ எல்லாவற்றிலும் கிளிப்பச்சை.

"மதினி, இது கெடக்கட்டும். ஒங்க நெறத்துக்கு இது எடுப்பா இருக்காது. இந்த அரக்குக் கலரப் போட்டுப் பாருங்க."

அவர் சேலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அன்னைக்கும் நான் கிளிப்பச்சைதான கட்டியிருந்தேன்?"

"ஆமா மதினி."

"அதுக்கா அப்படிப் பாத்தீக?"

"அதுக்குத்தான் மதினி."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "எம் மகன் கருப்பா இருக்கான்னு ஒங்களுக்குப் பிடிக்கலையோன்னு அப்ப ஒரு வாரம் நான் தூங்கல தெரியுமா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அரக்குச் சேலையோடு போனார். நிச்சயம் நல்லபடியாக முடிந்தது.

மருந்து தேய்ந்த பிறகு இன்னொரு ஊசியா என்பதை அப்போது பார்த்துக்கொள்கிறேன். இப்போது உன் வேலையும் சேர்ந்து என் தலையில். நீ சொன்னால் யாருக்கும் மனம் கோணாது. எனக்கு அந்தப் பக்குவம் இன்னும் கைகூடவில்லை. நேற்று ஒருத்தி கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். இன்று காலை அவளே திரும்பி வந்து, "அந்தக் கலரு வேணாம்னீகள்ல, அப்ப எதைக் கட்டணும்னு நீங்களே சொல்லுங்க" என்று முன்னால் உட்கார்ந்தாள்.

வாயைத் திறந்து சொன்னேன்.