ஐஸைவிடக் கொஞ்சம் சூடாக

அன்பு மகளுக்கு,

"எலி இதயத்த ஐஸ்ல வச்சுப் பாக்குறதெல்லாம் ஒரு வேலையா?" என்று ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கேட்டேன். நீ துணிப்பெட்டியோடு வீட்டைவிட்டு வெளியேறினாய்.

எனக்குப் பொருத்திய இதயம் ஆறு மணி நேரம் பயணப்பட்டு வந்ததாம். வெறும் ஐஸில் அவ்வளவு நேரம் இருந்தால் செல்கள் வீங்கிச் செத்துவிடுமாம். ஐஸைவிடக் கொஞ்சம் சூடாக வைத்ததால் தப்பித்ததாம். டாக்டர் சொன்னதும், "எம் பொண்ணுக்கும் இந்த ஆராய்ச்சிதாங்க," என்றேன். வெளியாளிடம் இதைச் சொன்னது முதல் தடவை. அழுகை வந்துவிட்டது. ஆனால் திரையில் நாடித்துடிப்பு ஏறவே இல்லை.

"புது இதயத்துக்கு இன்னும் நரம்பு சேரலங்க. உங்க மனசுல நடக்கிறது அதுக்கு லேட்டாத்தான் தெரியும்," என்றார் டாக்டர்.

இதயம் கொடுத்த குடும்பத்தைத் தினமும் கும்பிடுகிறேன். இன்று உன்னையும்.

பழைய இதயத்துக்கு எல்லா நரம்பும் இருந்ததம்மா. அதற்கே ஒன்பது வருஷம் ஆகிவிட்டது.

அப்பா